எஸ்எஸ்டி-யில் எதை வைப்பது, ஹார்ட் டிஸ்க்கில் எதை வைப்பது? கல்யாண வீடியோ தொலையாமல் இருக்க கணினியை இப்படி செட் பண்ணுங்க!

முகூர்த்த நாளில் திருத்தணி மலைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஒரு பக்கம் கெட்டிமேளம் கேட்கும். இன்னொரு பக்கம் அடுத்த ஜோடி மாலையோடு காத்திருக்கும். அரக்கோணம், சோளிங்கர் பக்கமிருந்து ஒரு குடும்பம், நகரி, புத்தூர் பக்கமிருந்து இன்னொரு குடும்பம். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிக்கொண்டே இருப்பார் போட்டோகிராபர்.

பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, அந்தக் கல்யாணம் மொத்தமும் அவர் பையில் இருக்கும் இரண்டு மூன்று மெமரி கார்டுகளில்தான் இருக்கும். அது ஸ்டூடியோ கணினிக்குப் போன பிறகு என்ன ஆகிறது? எந்த டிரைவில் ஏறுகிறது? அந்த டிரைவ் நின்றுபோனால் என்ன ஆகும்? தாலி கட்டும் நேரத்தை இன்னொரு முறை எடுக்க முடியாதே!

இது ஸ்டூடியோக்காரர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. இப்போது பல வீடுகளில் இருக்கும் கணினிகளில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று என இரண்டு டிரைவ் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், பலரும் புதிதாக எஸ்எஸ்டி போட்டு, புது ஓஎஸ் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் 'எந்த டிரைவ்? எந்த ஃபார்மேட்?' என்று திரையில் கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் தப்பாக பதில் சொன்னால், பத்து வருஷப் படங்கள் ஒரு நொடியில் போய்விடும்.

சரி, எதை எங்கே வைப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

- ஓஎஸ், மென்பொருள், இப்போது எடிட் செய்துகொண்டிருக்கும் வேலை: எஸ்எஸ்டி.
- முடிந்த வேலை, பழைய படங்கள், வீடியோக்கள்: ஹார்ட் டிஸ்க்.
- திரும்பக் கிடைக்காத எதுவும் ஒரே ஒரு டிரைவில் மட்டும் இருக்கவே கூடாது.
- சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு காப்பி செய்வது பல கணினிகளில் பேக்கப்பே கிடையாது. காரணம் கீழே.

ஒன்று ஏன் வேகம், இன்னொன்று ஏன் மெதுவு?

ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டமான தட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு சின்ன ஊசி போன்ற 'ஹெட்' நகர்ந்து நகர்ந்து படிக்கும். மேசைக் கணினிகளில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 120 சுற்று. நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது சுமார் 4 மில்லி நொடி. ஹெட் சரியான வட்டத்துக்கு நகர இன்னும் 8 மில்லி நொடி வரை ஆகும். மொத்தம் சுமார் 12 மில்லி நொடி.

கேட்க கொஞ்சம்தான். ஆனால் இதனால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு 80 முறை அளவுக்குத்தான் தேடி எடுக்க முடியும். கணினி ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டியிருப்பது இதனால்தான்.

எஸ்எஸ்டி-யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. எல்லாமே சிப். ஒரு ஃபைலைத் தேடி எடுக்க ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால்தான் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மட்டும் மாற்றினாலே புது மெஷின் மாதிரி ஓடுகிறது.

பெரிய வீடியோ ஃபைலை ஒரே நீளமாகப் படிக்கும்போது கதை கொஞ்சம் வேறு. ஹெட் அங்கும் இங்கும் ஓட வேண்டியதில்லை என்பதால் ஹார்ட் டிஸ்க்கும் நொடிக்கு 150 எம்பி அளவுக்குக் கொடுக்கும். அதாவது பழைய கல்யாண வீடியோவை எடுத்துப் பார்க்க ஹார்ட் டிஸ்க்கே தாராளமாகப் போதும். எஸ்எஸ்டி-யின் அருமை தெரிவது, ஓஎஸ் ஓடும்போதும், நான்கைந்து வீடியோவை ஒரே டைம்லைனில் போட்டு முன்னும் பின்னும் இழுத்து எடிட் செய்யும்போதும்தான்.

ஒரு கல்யாணம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்த்து 6 மணி நேரம் ஓடினால் 270 ஜிபி.

இந்த 270 ஜிபி-யை காப்பி செய்ய ஆகும் நேரம் தோராயமாக:

- நொடிக்கு 150 எம்பி ஹார்ட் டிஸ்க்: 30 நிமிடம்
- நொடிக்கு 500 எம்பி சாட்டா எஸ்எஸ்டி: 9 நிமிடம்
- நொடிக்கு 3,000 எம்பி என்விஎம்இ எஸ்எஸ்டி: ஒன்றரை நிமிடம்

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மெமரி கார்டு நொடிக்கு 90 எம்பி-தான் கொடுக்கும் என்றால், நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த எஸ்எஸ்டி வைத்திருந்தாலும் 50 நிமிடம் ஆகும். வரிசையில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் மொத்த வரிசையின் வேகம். அதனால் கார்டிலிருந்து இறக்கும் வேலைக்காக எஸ்எஸ்டி-க்கு அதிக காசு கொட்ட வேண்டாம். விலை மலிவான சில எஸ்எஸ்டி-கள் முதல் சில பத்து ஜிபி வரை வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

'1 டிபி வாங்கினேன், 931 ஜிபி-தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க' என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. டிஸ்க் அதேதான், எண்ணும் முறைதான் வேறு.

ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன?

கோவிலில் காலணி பாதுகாக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். டோக்கன் எண்ணை வைத்து எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்டுபிடிப்பார்கள். டோக்கன் இல்லாமல் ஆயிரம் ஜோடி செருப்பில் உங்களுடையதைத் தேடினால்?

டிரைவில் ஃபைல்களுக்கு இந்த டோக்கன் வேலையைச் செய்வதுதான் ஃபைல் சிஸ்டம். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எப்போது மாறியது என்ற கணக்கு முழுவதும் அதனிடம்தான். 'ஃபார்மேட்' செய்வது என்றால் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுக் கணக்கு தொடங்குவது.

நல்ல ஃபைல் சிஸ்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அதன் பெயர் 'ஜர்னல்'. கல்யாணத்தில் மொய் எழுதுபவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதுவார், பிறகுதான் கவர் பைக்குள் போகும். நடுவில் கரண்ட் போனாலும் நோட்டைப் பார்த்து எங்கே நின்றோம் என்று சொல்லிவிடலாம். ஜர்னலும் அப்படித்தான். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துவிட்டுப் பிறகு செய்யும். கரண்ட் போய் திரும்ப வந்தால், குறிப்பைப் பார்த்து கணக்கைச் சரி செய்துகொள்ளும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 இரண்டும் வழக்கமாக ஃபைலின் கணக்கைத்தான் ஜர்னலில் காக்கின்றன, உள்ளே இருக்கும் வீடியோவை இல்லை. மொய் நோட்டில் பெயர் இருக்கும். கவருக்குள் பணம் முழுசாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. காப்பி ஓடும்போது கரண்ட் போனால், அந்தக் காப்பியை நம்பாமல் மறுபடி செய்யுங்கள்.

எந்த ஃபைல் சிஸ்டம் எதற்கு?

என்டிஎஃப்எஸ்: 1993-ல் விண்டோஸ் என்டி-யோடு வந்தது. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் இதுவே போதும். ஜர்னல் உண்டு.

ஃபேட்32: பழைய பென் டிரைவ்களில் இருக்கும். ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டினால் ஏற்காது. 'இடம் இருக்கு, ஆனா காப்பி ஆகலை' என்று குழம்புகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

எக்ஸ்ஃபேட்: 2006-ல் வந்தது. 4 ஜிபி தடை இல்லை. 32 ஜிபி-க்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கேமரா கார்டுகளில் இருப்பது இதுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் ஜர்னல் கிடையாது. அதனால் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் கணக்கு குழம்பும் ஆபத்து அதிகம். எடுத்துப்போக, கொடுத்து வாங்க நல்லது. வருஷக்கணக்கில் சேமிக்க வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள்.

ஈஎக்ஸ்டி4: 2008-ல் வந்தது. லினக்ஸின் வழக்கமான தேர்வு. நிதானமானது, நம்பகமானது.

பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்: இவை ஒரு படி மேலே. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் சரிபார்ப்பு எண் எழுதி வைக்கும். பத்து வருஷம் கழித்துப் படிக்கும்போது அந்த எண் பொருந்தவில்லை என்றால், 'இது கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிடும். இன்னொரு நல்ல பிரதி அதே அமைப்பில் இருந்தால் அதை வைத்துச் சரிசெய்தும் விடும். பெரிய சேமிப்புக் கிடங்குகளுக்கு ஏற்றது. வீட்டுக்கு கட்டாயம் இல்லை.

சரி, எதை எங்கே வைப்பது?

இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இதை தினமும் திறக்கிறேனா? இரண்டு, இது போனால் திரும்பக் கிடைக்குமா?

விண்டோஸ் போனால் மறுபடி ஏற்றலாம். எடிட்டிங் மென்பொருள் போனால் மறுபடி இறக்கலாம். அவை வேகமாக ஓட வேண்டும், அதனால் எஸ்எஸ்டி. கல்யாண வீடியோ போனால் திரும்பாது. அதற்கு வேகத்தைவிட முக்கியம், இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி.

1 டிபி எஸ்எஸ்டி, 4 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு ஸ்டூடியோ கணினிக்கு இப்படி வைக்கலாம்:

எஸ்எஸ்டி-யில்
- விண்டோஸ், மென்பொருள்கள்
- இந்த வாரம் எடிட் ஆகும் ஒன்றிரண்டு கல்யாணம்
- எடிட்டிங் மென்பொருளின் கேஷ் ஃபைல்கள்
- குறைந்தது 10 முதல் 20 சதவீதம் காலி இடம். முட்ட முட்ட நிரப்பினால் எஸ்எஸ்டி வேகம் குறையும், தேய்மானமும் கூடும்

ஹார்ட் டிஸ்க்கில்
- கார்டிலிருந்து இறக்கிய அசல் ஃபைல்கள், வருஷம், மாதம் வாரியாக
- எடிட் முடிந்து கொடுத்த வீடியோ, ஆல்பம்

இதில் வேலை வரிசை முக்கியம். கார்டைச் செருகியதும் முதல் காப்பி ஹார்ட் டிஸ்க்குக்கு, இரண்டாவது காப்பி எஸ்எஸ்டி-க்கு. இரண்டிலும் ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு சரியா என்று பார்த்து, நான்கைந்து வீடியோவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். எடிட் முடிந்ததும் எஸ்எஸ்டி-யில் உள்ளதை நீக்கலாம். ஆனால் அதற்கு முன் வெளியே வைக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்எஸ்டி-யில் நீக்கிய நொடியே அந்தக் கல்யாணம் ஒற்றைப் பிரதியாகிவிடும்.

வீட்டுக் கணினிக்கும் இதே கணக்குதான். 256 ஜிபி எஸ்எஸ்டி-யில் ஓஎஸ், மென்பொருள், படிப்பு ஃபைல்கள். ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்கள், வீடியோக்கள், சினிமா.

விண்டோஸில் எப்படி செய்வது?

1. முதலில் உங்களிடம் உண்மையிலேயே இரண்டு டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று காட்டும். பக்கத்திலேயே எஸ்எஸ்டி-யா, எச்டிடி-யா என்றும் இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மை கம்ப்யூட்டரில் சி, டி, ஈ என்று மூன்று தெரிந்தால் மூன்று டிரைவ் என்று அர்த்தம் இல்லை. ஒரே டிஸ்க்கை மூன்று அறையாகத் தடுத்திருப்பார்கள். வீடே இடிந்தால் மூன்று அறையும்தான் போகும். 'டி-ல பேக்கப் இருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றே இதைப் பார்த்துவிடுங்கள்.

2. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது, முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி-யை மட்டும் மாட்டி ஏற்றுங்கள். தப்பான டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் ஆபத்தே இருக்காது. பூட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் தொல்லையும் இருக்காது.

3. 2 டிபி-க்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் 'ஜிபிடி' என்ற முறையைத் தேர்வு செய்யுங்கள். பழைய 'எம்பிஆர்' முறையில் 2 டிபி-க்கு மேல் உள்ள இடம் பயன்படாமல் போகும்.

4. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' பகுதியில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரைக் காட்டிவிடலாம். பிறகு அங்கே சேமிப்பதெல்லாம் தானாகவே ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்.

5. எஸ்எஸ்டி-க்கு பழைய மாதிரி டிஃப்ராக் தேவையில்லை. விண்டோஸின் 'ஆப்டிமைஸ்' வசதி, டிரைவ் எஸ்எஸ்டி என்று தெரிந்தால் 'டிரிம்' என்ற வேலையைத்தான் செய்யும். அதை நிறுத்தாமல் விடுங்கள்.

6. விண்டோஸ் 11 உள்ள பல புது லேப்டாப்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டு, அதாவது என்க்ரிப்ட் ஆகி இருக்கும். டிரைவைக் கழற்றுவதற்கு முன் பிட்லாக்கர் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வேறு கணினியில் மாட்டினால் எதுவும் திறக்காது.

அரசு லேப்டாப், பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. தொடக்க விழா நடந்ததும் திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதனால் ஒரே டிரைவில் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் இரண்டையும் நம்ம ஊர் பிளஸ் டூ மாணவர்கள் அப்போதே பயன்படுத்தியிருக்கிறார்கள், பெயர் தெரியாமலேயே.

அந்தக் காலத்து லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டலாம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கூல் படங்கள் அதில் அப்படியே இருக்கும். அதைச் செருகும்போது 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் உடனே சரி கொடுத்துவிடாதீர்கள். அது லினக்ஸ் பகுதியாக இருந்தால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாமல் அப்படிக் கேட்கும். உள்ளே ஃபைல் இருக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை:

- ரூட், ஹோம் இரண்டையும் எஸ்எஸ்டி-யில் ஈஎக்ஸ்டி4-ஆக வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை தனி ஃபோல்டராக மவுன்ட் செய்து, வீடியோ, படம் ஃபோல்டர்களை அதற்கு இணைத்துவிடுங்கள்.
- எஃப்எஸ்டேப் ஃபைலில் ஹார்ட் டிஸ்க்கை சேர்க்கும்போது யூயூஐடி எண்ணைக் கொடுங்கள். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேருங்கள். இல்லையென்றால் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் கணினியே ஆன் ஆகாமல் அவசர நிலையில் போய் நிற்கும்.
- ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை சிஸ்டத்துக்கென்று ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி! வெறும் சேமிப்பு டிஸ்க் என்றால் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.
- விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம்.

இரண்டு டிரைவையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், ஆனால் தேவையா என்று யோசியுங்கள்.

எஸ்எஸ்டி-யும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பெரிய டிரைவாகத் தெரியும்படி இணைக்கும் வசதி உண்டு. ஆனால் அப்படி இணைத்தால் இரண்டில் எது கெட்டாலும் மொத்தமும் போகலாம். எஸ்எஸ்டி-யை ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் 'கேஷ்' ஆக வைத்து, அடிக்கடி எடுக்கும் ஃபைலை மட்டும் தானாக வேகப் பக்கம் வைப்பது இன்னொரு முறை. ஆப்பிள் 2012-ல் 'ஃப்யூஷன் டிரைவ்' என்று இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தது. லினக்ஸில் 2013-லிருந்து பிகேஷ் இருக்கிறது. எஸ்எஸ்டி விலை குறையக் குறைய வீடுகளில் இதற்கான தேவையும் குறைந்துவிட்டது.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரே தகவலை எழுதும் 'ரெய்டு 1' முறை, ஒரு டிஸ்க் கெட்டால் காப்பாற்றும். ஆனால் நீங்கள் கை தவறி ஒரு ஃபோல்டரை நீக்கினால், இரண்டு டிஸ்க்கிலும் உடனே நீங்கிவிடும். அதனால் அது பேக்கப் ஆகாது.

பெயரை தமிழில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். ஸ்டூடியோ ஃபோல்டர்களிலும் இரண்டு மொழிப் பெயரும் இருக்கலாம். இன்றைய ஃபைல் சிஸ்டங்கள் இரண்டையும் ஏற்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். ஈஎக்ஸ்டி4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ், தெலுங்கு குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தி' என்பது 'த' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறியீடு. 'திருத்தணி' என்ற பெயர் மட்டும் 27 பைட். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி, ஊர் எல்லாம் ஒரே பெயரில் போட்டால் விண்டோஸில் ஏற்றுக்கொண்ட ஃபைல், லினக்ஸ் டிஸ்க்குக்கு காப்பி ஆகாமல் நிற்கலாம். தேதியை எண்ணில் முதலில் போட்டு, பெயரைச் சுருக்கமாக வையுங்கள். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் ஃபோல்டர்கள் தானாகவே வரிசையில் நிற்கும்.

தெரியாமல் டிலீட் ஆகிவிட்டால் மீட்க முடியுமா?

இங்கே எஸ்எஸ்டி-க்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலை நீக்கினால் டோக்கன் மட்டும்தான் கிழிபடும், செருப்பு அங்கேயே இருக்கும். அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் தவறு நடந்தது தெரிந்த உடனே அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். கேமரா கார்டிலும் இதேதான். மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டி-யில் 'டிரிம்' ஓடினால் அந்த இடத்தை டிரைவே துடைத்துவிடும். பிறகு மீட்பது அநேகமாக முடியாத காரியம். வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

ஹார்ட் டிஸ்க் கெடும் முன் பெரும்பாலும் ஏதாவது அறிகுறி காட்டும். டக் டக் என்று சத்தம் வரும், காப்பி பாதியில் நிற்கும். எஸ்எஸ்டி சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் நின்றுவிடும். இரண்டுக்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் மூலம் மாதம் ஒருமுறை உடல்நிலை பார்க்கலாம். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் அன்றே காப்பி எடுங்கள். இன்னொன்று, எஸ்எஸ்டி-யை வருஷக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பீரோவில் போட்டு வைக்காதீர்கள். சிப்பில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்து தகவல் அழியலாம்.

ஒற்றைப் பிரதி எவ்வளவு ஆபத்து?

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் என்று சொல்லப்படும் 'கீசக வதம்' படத்தை நடராஜ முதலியார் எடுத்தார். 1931-ல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். இந்த இரண்டு படத்தையும் இன்று நம்மால் பார்க்க முடியாது. பிரதி எதுவும் மிஞ்சவில்லை.

நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஒரு டிலீட் கட்டளையால் படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யவே இல்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற டெக்னிக்கல் டைரக்டரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. படம் பிழைத்தது அதனால்தான்.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம். பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். பேக்கப்பை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய '3-2-1' விதியும் இதைத்தான் சொல்கிறது. மொத்தம் 3 பிரதி, 2 வெவ்வேறு வகை சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில். ஸ்டூடியோ திருத்தணியில் இருந்தால் ஒரு டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். கிளவுடில் வைக்கலாம் என்றால், 270 ஜிபி-யை நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 12 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் மறுநாள் காலையிலோ மதியத்திலோ முடிந்திருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்எஸ்டி மட்டுமே வாங்கினால் போதாதா?
மொத்த ஃபைலும் 500 ஜிபி-க்குள் என்றால் போதும். டிபி கணக்கில் வீடியோ சேர்ந்தால் ஹார்ட் டிஸ்க்தான் கட்டுப்படியாகும். எப்படி இருந்தாலும் பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும்.

ஃபார்மேட் மாற்ற ஃபைலை நீக்க வேண்டுமா?
பொதுவாக ஆமாம். முதலில் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகு மாற்றுங்கள்.

வெளி டிஸ்க்கை எதில் ஃபார்மேட் செய்வது?
விண்டோஸில் மட்டும் செருகுவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்.

யூபிஎஸ் அவசியமா?
மேசைக் கணினிக்கு அவசியம். காப்பி ஓடும்போது கரண்ட் போவதுதான் ஃபைல் கெட முக்கியமான காரணங்களில் ஒன்று.

இன்றைக்கு செய்ய வேண்டியது

புது டிரைவ் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து உங்களிடம் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கல்யாண வீடியோவோ, அப்பா அம்மாவின் பழைய படமோ ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அதை இன்று ராத்திரியே இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி போடுங்கள். எஸ்எஸ்டி-யா, ஹார்ட் டிஸ்க்கா, எந்த ஃபார்மேட் என்பதை நாளைக்கு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.